முக எலும்பு வளர்ந்தால்: காத்திருப்பதா, செதுக்குவதா, முழுதாக எடுப்பதா?

13 வயதுப் பிள்ளையின் ஒரு பக்கக் கன்னம் மட்டும் மெல்லப் பெருத்துக்கொண்டே போகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சொத்தைப் பல்லால் வந்த வீக்கம் என்று நினைத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள், வீட்டில் பாட்டி பத்து போடுகிறார். குறையவில்லை, தொட்டால் கல் மாதிரி இருக்கிறது. கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "கேன்சர் இல்லை, எலும்புதான் வளர்ந்திருக்கிறது" என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்துக்கே மூச்சு வருகிறது. அடுத்த வாரம் வேறு குழப்பம். ஒரு அறுவை மருத்துவர், "இப்போது தொடவே வேண்டாம், பிள்ளை வளர்ந்து முடிக்கட்டும்" என்கிறார். இன்னொருவர், "விட்டால் கண்ணைப் பாதிக்கும், உடனே எடுத்துவிடலாம்" என்கிறார். இருவருமே நல்ல மருத்துவர்கள். யார் பேச்சைக் கேட்பது?

அந்தக் குழப்பத்தில் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாய், தாடை, முக எலும்புகளின் எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் படித்து அறிக்கை எழுதுவது என் வேலை. அறுவை செய்வது என் வேலை இல்லை என்பதால் எந்த அறுவைக்காகவும் நான் வாதாடப் போவதில்லை. என் கருத்து இதுதான்: நோயின் சரியான பெயர் தெரியும் முன் அறுவையைப் பற்றிய பேச்சே எழக்கூடாது. அந்தப் பெயர் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்றால், பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காத்திருப்பதே நல்ல வைத்தியம். ஆனால் அந்தக் காத்திருப்பில் தேதி குறித்த பரிசோதனைகள் இருக்க வேண்டும். "ஏதாவது ஆனால் வாங்க" என்று சொல்லி அனுப்புவதை நான் காத்திருப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒன்றுபோலத் தெரியும் மூன்று நோய்கள்

முக எலும்பில் ஆபத்தில்லாத வளர்ச்சி என்று சொல்லப்படுவதில் அதிகம் குழப்பிக்கொள்ளப்படுபவை மூன்று.

முதலாவது ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா. தாயின் வயிற்றில் கரு உருவான பிறகு, ஏதோ ஒரு செல்லில் ஜி.என்.ஏ.எஸ். என்ற ஜீனில் ஒரு மாற்றம் நேர்கிறது. அந்தச் செல்லின் வாரிசுகள் போய்ச் சேரும் எலும்புப் பகுதிகளில், எலும்பு முதிர்ந்து கெட்டிப்படாமல் நாரும் அரைகுறை எலும்பும் கலந்த திசுவாகவே நின்றுவிடுகிறது. கரு உருவான பிறகு நேர்வதால் இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை. நோயுள்ளவரின் பிள்ளைகளுக்கும் போவதில்லை. "கர்ப்பமா இருந்தப்ப நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்காத அம்மாக்கள் குறைவு. அவர்களுக்கு ஒரே பதில்: எதுவும் செய்யவில்லை. சாப்பாட்டாலோ, அடிபட்டதாலோ, கிரகணத்தாலோ இது வருவதில்லை.

இரண்டாவது ஆசிஃபையிங் ஃபைப்ரோமா. இதுவும் நாரும் எலும்பும் கலந்ததுதான். ஆனால் இது உண்மையான கட்டி. தனக்கென்று எல்லை வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள எலும்பைத் தள்ளிக்கொண்டு வளரும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், பெண்களுக்குக் கூடுதலாக, கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியில் வரும். சிறுவர்களுக்கு வரும் வகை ஒன்று உண்டு, அது வேகமானது.

மூன்றாவது ஆஸ்டியோமா. முழுக்க முதிர்ந்த, கெட்டியான எலும்பு. நெற்றியில் ஒரு புடைப்பாக, தாடையோரத்தில் ஒரு முடிச்சாக, அல்லது நெற்றிச் சைனஸுக்குள் (எலும்புக்குள் இருக்கும் காற்றறைக்குள்) யாருக்கும் தெரியாமல் இருக்கும். சைனஸுக்காக சி.டி. எடுக்கிறவர்களில் 3 சதவீதம் பேர் வரை இது தற்செயலாகத் தென்படும்.

மேல் அண்ணத்தின் நடுவிலோ, கீழ்த்தாடையின் உட்பக்கத்திலோ சிலருக்கு இருக்கும் எலும்புத் திட்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். டோரஸ் எனப்படும் அவை நோயே இல்லை. பல்செட் பொருத்த இடைஞ்சலாக இருந்தால் மட்டும் சீவுவார்கள்.

படத்தில் என்ன தெரிகிறது

இந்த நோய்களில் பலவற்றை முதலில் பார்ப்பவர் பல் மருத்துவர். முதலில் கையில் வரும் படம் ஓ.பி.ஜி. எனப்படும் முழுத்தாடை எக்ஸ்ரே. அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும், பொறுமையாகப் பார்த்தால்.

ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவில் நோய் எங்கே தொடங்குகிறது, நல்ல எலும்பு எங்கே முடிகிறது என்று பென்சிலால் கோடு போட முடியாது. தேய்த்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி ஒரே சீரான சாம்பல் நிறம், மெல்லக் கரைந்து நல்ல எலும்போடு கலந்துவிடும். பல் வேரைச் சுற்றி இருக்க வேண்டிய மெல்லிய வெள்ளைக் கோடு அந்தச் சாம்பலுக்குள் காணாமல் போயிருக்கும். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக் குழாயை நான் தனியாகத் தேடிப் பார்ப்பேன். இந்த நோயில் அது மேல்நோக்கித் தள்ளப்பட்டிருப்பதுண்டு. மற்ற கட்டிகள் பெரும்பாலும் அதைக் கீழ்நோக்கித் தள்ளும். மேல்தாடையில் வந்தால் சைனஸ் சுருங்கும், ஆனால் அதன் பழைய வடிவம் சின்னதாக அப்படியே இருக்கும்.

ஆசிஃபையிங் ஃபைப்ரோமாவில் கோடு போட முடியும். உருண்டையாக இருக்கும், ஓரத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் ஓடும். கீழ்த்தாடையின் அடி விளிம்பே அதன் வடிவத்துக்கு ஏற்றபடி கீழே வளைந்திருக்கும். ஆஸ்டியோமாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பளிச்சென்ற வெள்ளை, எலும்பின் மேல்தட்டில் ஒட்டி நிற்கும்.

எல்லாப் படமும் பாடப்புத்தகம் மாதிரி வராது என்பதால், அடுத்து என்ன பரிசோதனை என்பதே முதல் முடிவாகிறது.

மெல்லிய அடுக்குகளாக எடுத்த சி.டி. ஸ்கேன்தான் இதற்கு முதன்மையான பரிசோதனை. படத்தைத் துலக்கிக் காட்ட ஊசியில் ஏற்றும் மருந்து இதற்குத் தேவையில்லை. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை என்பதால் அதையே முதலில் எடுத்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவைப் பொறுத்தவரை அது ஆளைப் பயமுறுத்தும் பரிசோதனை. நார்த் திசு எம்.ஆர்.ஐ.யில் திட்டுத்திட்டாக, மருந்தை உறிஞ்சிக்கொண்டு, மோசமான கட்டி போலவே தெரியும். புற்று பரவியிருக்கிறதா என்று தேட எடுக்கும் 'பெட்' ஸ்கேனிலும் இதே சிக்கல். வேறு காரணத்துக்காகப் பெட் ஸ்கேன் எடுத்தபோது இந்த எலும்பு பளிச்சென்று ஒளிர்ந்து, புற்று பரவிவிட்டதோ என்று வீடே கலங்கிப்போவதுண்டு. கண் நரம்பு, மூளை உறை பற்றிய கேள்வி இருந்தால் எம்.ஆர்.ஐ. தேவை. பெயர் கண்டுபிடிக்க சி.டி.

பல் கிளினிக்குகளில் இருக்கும் கோன் பீம் சி.டி.யில் கதிர்வீச்சு பொதுவாகக் குறைவு. தாடையோடு நின்றுபோன சின்ன வளர்ச்சிக்கு அது போதும். கன்ன எலும்பு, கண் குழி, மண்டையோட்டின் அடிப்பகுதி வரை போயிருந்தால் மருத்துவமனை சி.டி.தான் வேண்டும்.

பயாப்சி, அதாவது சின்னத் துண்டு வெட்டியெடுத்துச் சோதிப்பது, வேண்டுமா வேண்டாமா? இங்கே என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன். படம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்று காட்டினால், பயாப்சி கட்டாயம் இல்லை. இந்த எலும்பில் ரத்த ஓட்டம் அதிகம், எடுத்த இடத்தில் கசியும். அதைவிட முக்கியமானது இன்னொன்று: மைக்ராஸ்கோப்பில் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவும் ஆசிஃபையிங் ஃபைப்ரோமாவும் ஒன்றுபோலவே தெரியலாம். ஸ்கேனைப் பார்க்காமல், அனுப்பிய துண்டை மட்டும் பார்த்து நோய்க்குறியியல் மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் பல அறிக்கைகளில் "நாரும் எலும்பும் கலந்த வளர்ச்சி" என்று மட்டும் எழுதியிருக்கும். அது லேப் செய்த தவறு இல்லை. துண்டோடு ஸ்கேனையும் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியும் தெளியாவிட்டால், அந்தத் துண்டிலேயே ஜி.என்.ஏ.எஸ். மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கலாம். இருந்தால் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா. ஆசிஃபையிங் ஃபைப்ரோமாவில் அது இருக்காது. ரத்தத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்து 'இல்லை' என்று வந்தால் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. மாற்றம் உடலின் சில செல்களில் மட்டும் இருப்பதால் ரத்தத்தில் அகப்படாமல் போகலாம்.

பயாப்சி கட்டாயம் தேவைப்படும் சூழ்நிலைகளும் உண்டு. சில வாரங்களில் மளமளவென்று வளர்வது, ராத்திரி தூங்கவிடாத வலி, கீழுதடு மரத்துப்போவது, காரணமில்லாமல் பல் ஆடுவது, படத்தில் எலும்பின் வெளித்தட்டு அரித்துப்போயிருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. எலும்புப் புற்றும் ஆரம்பத்தில் அமைதியான வீக்கமாக வரலாம்.

ரத்தப் பரிசோதனையில் இரண்டை விட்டுவிடாதீர்கள்: கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன். கழுத்தில் இருந்துகொண்டு ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தால் தாடையில் கட்டி மாதிரி ஒன்று வரும். சுரப்பிக்கு வைத்தியம் செய்தால் அது பெரும்பாலும் தானே ஆறும். ஆசிஃபையிங் ஃபைப்ரோமா உள்ள சிலருக்கும் குடும்பவழியாக இந்தச் சுரப்பியில் கட்டி இருக்கும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் தேவையே பட்டிருக்காத தாடை அறுவையைவிட வருத்தமான விஷயம் இந்தத் துறையில் அதிகம் இல்லை.

இரண்டு கன்னமும் ஒரேபோல் உப்பி, பிள்ளைக்கு 2 முதல் 7 வயதுக்குள் இருந்தால் செருபிசம் என்ற வேறொரு நோயை நினைக்க வேண்டும். அது பருவ வயதுக்குப் பிறகு தானே அடங்கும். நடுத்தர வயதுப் பெண்களுக்கு முன்பற்களின் வேரைச் சுற்றிக் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் ஒன்று உண்டு. பல் நல்ல உயிரோடு இருக்கும். அதைச் சீழ் என்று நினைத்து வேர்ச் சிகிச்சை செய்துவிடுகிறார்கள். பல்லுக்குக் குளிர் உணர்வு இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தாலே அது தவிர்ந்துவிடும்.

ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவுக்கு உள்ள வழிகள்

பெயர் உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, இது முகத்தோடு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தோலில் பால் கலந்த காப்பி நிறத்தில், ஓரம் கரடுமுரடான பெரிய படைகள் இருக்கின்றனவா? பெண் குழந்தை மிகச் சிறு வயதில் பெரியவளாகிவிட்டாளா? தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன், ரத்தத்தில் பாஸ்பேட் அளவு எப்படி இருக்கின்றன? இவை சேர்ந்து வருவதை 1936இல் மெக்யூன் என்ற மருத்துவரும் 1937இல் ஆல்பிரைட் என்ற மருத்துவரும் அமெரிக்காவில் எழுதிவைத்தார்கள். காரணமான ஜீன் மாற்றம் 1991இல் தெரியவந்தது. உடல் முழுக்க எலும்பு ஸ்கேன் ஒருமுறை எடுத்தால் வேறு எங்கெல்லாம் நோய் இருக்கிறது என்று தெரியும்.

இதில் வளர்ச்சி ஹார்மோனைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது அதிகமாகச் சுரக்கும் பிள்ளைகளுக்கு முக எலும்பு வேகமாக வளரும், கண் நரம்பு பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடும், அறுவைக்குப் பிறகு மறுபடி வளர்வதும் அதிகம். அதை மருந்தால் கட்டுப்படுத்தாமல் முகத்தில் அறுவை செய்வது தண்ணீர்க் குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதுபோல.

*காத்திருப்பது.* இந்த நோய் பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தில் வளர்ந்து, எலும்பு முதிர்ந்த பிறகு வேகம் குறைந்து, பலருக்கு அடங்கிவிடுகிறது. புற்றாக மாறுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. எனவே கண், காது, மூச்சு, பல் கடி ஆகியவற்றுக்குத் தொல்லை இல்லாத பிள்ளையை அவசரப்பட்டு அறுவை மேஜையில் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மண்டையோட்டின் அடிப்பகுதி வரை நோய் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறையாவது கண் மருத்துவரிடம் பார்வைக் கூர்மை, நிறம் பிரித்தறிதல், பார்வைப் பரப்பு, முடிந்தால் ஓ.சி.டி. எனப்படும் விழித்திரை ஸ்கேன். காதைச் சுற்றியுள்ள பொட்டெலும்பில் இருந்தால் கேட்கும் திறன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், நேராகவும் இரு பக்கமும் தாழ்வாயைத் தூக்கியும் எடுத்த புகைப்படங்கள். சி.டி.யை ஆண்டுதோறும் எடுக்க வேண்டாம். குழந்தைக்குக் கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும். புகைப்படத்திலோ கண் பரிசோதனையிலோ மாற்றம் தெரிந்தால் எடுத்தால் போதும்.

*செதுக்குவது.* மேலுதட்டின் உள்பக்க மடிப்பில் கீறி, சதையை விலக்கி, புடைத்த எலும்பை பர் என்ற சுழலும் கருவி கொண்டு தேய்த்து மறுபக்கத்துக்குச் சமமாக்குவார்கள். வெளியே தழும்பு தெரியாது. நோயுள்ள எலும்பு உள்ளே இருக்கும். வடிவம் மட்டும் சரியாகும். ரத்தம் கசிவதால் ரத்தம் தயாராக வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். கன்னத்திலும் மேலுதட்டிலும் சில மாதங்கள் மரப்பு இருக்கலாம். இதன் பெரிய குறை, திரும்ப வளர்வது. பிள்ளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போது செய்தால், எலும்பு பல இடங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதிக்கு மேல் திரும்ப வளர்கிறது. வளர்ச்சி நின்ற பிறகு செய்தால் நிலைக்கும் வாய்ப்பு அதிகம்.

*முழுதாக எடுத்து மறுபடி கட்டுவது.* நோயுள்ள எலும்பை வெட்டியெடுத்து, மண்டையோட்டு எலும்பு, கால் எலும்பு, டைட்டானியம் ஆகியவற்றால் இடத்தை நிரப்புவது. திரும்பி வரும் வாய்ப்பு குறைவு என்பதுதான் இதன் வலிமை. விலையும் பெரிது: நீண்ட அறுவை, பல்லிருக்கும் பகுதி என்றால் பற்கள் போகும், வைத்த எலும்பு கரையலாம், வளரும் முகத்தில் வெட்டினால் முகவளர்ச்சியே கோணலாகலாம்.

இந்தக் கடைசி இரண்டுக்கும் இடையில்தான் மருத்துவர்களுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு. தைவானின் சாங் குங் மருத்துவமனையின் அறுவை மருத்துவர்கள் சென், நூர்தாஃப் இருவரும் 1990இல் முகத்தையும் தலையையும் நான்கு மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். நெற்றி, கண்குழி, கன்ன எலும்பு, மேல்தாடையின் மேல்பகுதி முதல் மண்டலம்; அங்கே முழுதாக எடுத்து உடனே எலும்பு வைத்துக் கட்டிவிடலாம் என்றார்கள். முடியிருக்கும் தலைப்பகுதி, மண்டையோட்டின் நடு அடிப்பகுதி, பல் தாங்கும் தாடைகள் ஆகிய மற்ற மூன்றிலும் அடக்கி வாசிப்பதே நல்லது என்றார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துவரும் குழுவோ, எல்லா மண்டலத்திலும் முடிந்தவரை பொறுத்திருந்து, தேவைக்கு மட்டும் அறுவை என்ற பக்கம் நிற்கிறது.

என் எண்ணம் இரண்டாவது பக்கம் சாய்கிறது, ஒரு விதிவிலக்கோடு. முதல் மண்டலத்தில் ஒரே எலும்பில் மட்டும் நோய் இருந்து, கண் கீழே இறங்கிவிட்டது அல்லது முன்னே தள்ளிவிட்டது என்றால், முழுதாக எடுப்பதில் கைதேர்ந்த குழு இருக்கும் இடத்தில் அதைச் செய்வது நியாயம். செதுக்கிச் செதுக்கி நான்கு முறை மயக்க மருந்து கொடுப்பதைவிட அது மேல். பல் தாங்கும் தாடையில் அப்படிச் செய்வதை நான் ஏற்பதில்லை. 15 வயதில் பாதி மேல்தாடையையும் பற்களையும் இழப்பது, மெதுவாக வளரும் ஆபத்தில்லாத எலும்புக்குக் கொடுக்கிற விலை இல்லை.

"கண்ணுக்குப் போய்விடும்" என்ற பயத்துக்கு வருவோம். பெற்றோரை அறுவைக்குத் தள்ளுவது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான். ஸ்கேனில் கண் நரம்பு ஓடும் குழாயைச் சுற்றிலும் நோயுள்ள எலும்பு சூழ்ந்து நெருக்கியிருப்பது பார்க்க நடுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் அந்த அமெரிக்கக் குழு வெளியிட்ட ஆய்வு, குழாய் அப்படிக் குறுகியிருந்தும் பெரும்பாலானவர்களுக்குப் பார்வை நன்றாகவே இருந்ததைக் காட்டியது. பார்வை நன்றாக இருக்கும்போதே முன்னெச்சரிக்கையாக நரம்பை விடுவிக்கும் அறுவை, அந்தப் பார்வையையே பறித்துவிடக் கூடும். எனவே ஸ்கேனில் நெருக்கம் தெரிகிறது என்பதற்காக மட்டும் யாராவது இந்த அறுவையைச் சொன்னால், கண் பரிசோதனை முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது கருத்து கேளுங்கள். பார்வை உண்மையிலேயே படிப்படியாகக் குறைகிறது என்றால் கதை வேறு. அப்போது அறுவை தேவைப்படலாம். பார்வை திடீரென்று மங்கினால், கண் திடீரென்று முன்னே தள்ளினால், அது அவசரம். நோய்க்குள் ரத்தம் நிறைந்த ஒரு பை உருவாகி நரம்பை அழுத்தியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் காலை வரை பொறுக்கக் கூடாது.

*மருந்து.* சோலெட்ரோனேட், பாமிட்ரோனேட் போன்ற மருந்துகளை ரத்தக் குழாயில் ஏற்றினால் எலும்பு வலி குறையலாம். வீக்கம் வற்றாது, வற்றும் என்று எதிர்பார்த்து ஏற்றிக்கொள்ள வேண்டாம். மாத்திரையாக வரும் அலெண்ட்ரோனேட் வலிக்கும்கூட உதவவில்லை என்று ஒரு ஒப்பீட்டுச் சோதனையில் தெரிந்தது. டெனோசுமாப் என்ற ஊசி நோயின் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் நிறுத்தியதும் நோய் திருப்பித் தாக்குகிறது, பிள்ளைகளுக்கு ரத்தக் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அனுபவமுள்ள ஹார்மோன் மருத்துவர் கூடவே இல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது. இந்த மருந்துகள் எல்லாமே பின்னாளில் பல் பிடுங்கும்போது தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்தைக் கொண்டவை. அதனால் பிடுங்க வேண்டிய பற்களை மருந்துக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும்.

*கதிர்வீச்சுச் சிகிச்சை.* வேண்டவே வேண்டாம். ஆபத்தில்லாத இந்த எலும்பு புற்றாக மாறும் வாய்ப்பைக் கூட்டுவது அதுதான்.

பல்லைப் பற்றிப் பலருக்குத் தேவையில்லாத பயம் இருக்கிறது. ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா உள்ள தாடையில் சொத்தையை அடைக்கலாம், வேர்ச் சிகிச்சை செய்யலாம், பல் பிடுங்கலாம். கம்பி கட்டிப் பல்லை நேராக்குவதை மட்டும் வளர்ச்சி அடங்கும்வரை தள்ளிவைப்பது நல்லது. இந்த எலும்பில் பல் சீக்கிரம் நகரும், அதே வேகத்தில் பழைய இடத்துக்கும் திரும்பிவிடும்.

காத்திருக்கக் கூடாத ஒன்று, கண்டுகொள்ள வேண்டாத ஒன்று

ஆசிஃபையிங் ஃபைப்ரோமா என்று உறுதியானால் காத்திருப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. அது தானாக அடங்காது. சின்னதாக இருக்கும்போது எடுத்தால் எல்லையோடு சேர்ந்து சுலபமாக வந்துவிடும், தாடை நிலைக்கும். பெரிதாகும் வரை விட்டால் தாடையின் ஒரு துண்டையே எடுக்க வேண்டிவரும். சிறுவர்களுக்கு வரும் வேகமான வகையைச் சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்ப வருவது அதிகம். அங்கே கொஞ்சம் அகலமாக எடுப்பதையே நான் ஆதரிக்கிறேன், பிறகு பல ஆண்டுகள் தொடர்ந்து படம் எடுத்துப் பார்க்கவும் வேண்டும். முன்பு சொன்ன இரண்டு மருத்துவர்களில் "உடனே எடு" என்றவர் இந்த நோயை நினைத்துச் சொல்லியிருந்தால், அவர் சொன்னது முழுக்கச் சரி.

ஆஸ்டியோமா நேர்மாறு. சைனஸுக்குள் தற்செயலாகத் தெரிந்து, தலைவலியோ சைனஸ் அடைப்போ கண் தொல்லையோ இல்லை என்றால், சில ஆண்டுகள் இடைவெளியில் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் போதும். தலைவலி இருந்தாலும் அந்தத் தலைவலிக்கு இதுதான் காரணமா என்று சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் தலைவலி ஊருக்கே இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் இடம்தான் வழியை முடிவு செய்யும். நெற்றிச் சைனஸின் உள்பக்கத்தில், வாயிலுக்கு அருகில் இருந்தால் மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பில் எடுக்கலாம். வெளிப்பக்க ஓரத்தில் இருந்தாலோ, சைனஸ் முழுக்க அடைத்திருந்தாலோ தலையில் காதிலிருந்து காது வரை கீறித் திறப்பதுதான் பாதுகாப்பு. மூக்கு வழியாகவே செய்தாக வேண்டும் என்று அங்கே அடம்பிடிப்பது நல்லதில்லை. நெற்றித் தோலுக்கு அடியில் எலும்போடு ஒட்டிய சின்னப் புடைப்பு அழகுக்கு உறுத்தினால், முடிக்குள்ளே சின்னதாகக் கீறி எண்டோஸ்கோப் உதவியோடு உளியால் தட்டி எடுத்துவிடலாம். தழும்பு முடிக்குள் மறைந்துவிடும்.

ஆனால் ஆஸ்டியோமா ஒன்றுக்கு மேல் இருந்தால், குறிப்பாகத் தாடையில் இரண்டு மூன்று, கூடவே முளைக்காத அல்லது எண்ணிக்கைக்கு மேற்பட்ட பற்கள், தோலில் கொழுப்புக்கட்டி போன்ற உருண்டைகள் என்று சேர்ந்து வந்தால், முகத்தை மறந்துவிட்டுப் பெருங்குடலைப் பார்க்க வேண்டும். இது கார்ட்னர் நோய்த்தொகுதி. ஏ.பி.சி. என்ற ஜீனில் வரும் குறை. இது குடும்பவழியில் வரும். குடலில் நூற்றுக்கணக்கில் சதை மொட்டுகள் முளைக்கும், கவனிக்காவிட்டால் 40 வயதையொட்டி அவற்றில் ஒன்று புற்றாகும் என்பது ஏறக்குறைய நிச்சயம். தாடையில் எலும்பு முடிச்சுகள் குடல் மொட்டுகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிடலாம். ஒரு சாதாரண ஓ.பி.ஜி.யில் இதைக் கவனித்து, குடல் மருத்துவரிடம் அனுப்பும் பல் மருத்துவர் ஒரு குடும்பத்தையே காப்பாற்றுகிறார்.

பிள்ளையின் குரல்

இதுவரை சொன்னதெல்லாம் எலும்பின் கணக்கு. முகம் என்பது எலும்பு மட்டும் இல்லை. பள்ளியில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள், குடும்பப் படத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, வாயை மூடிக்கொண்டே பேசுகிறது என்றால் அதுவும் ஒரு மருத்துவக் காரணம்தான். "18 வயது வரை பொறு" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வதற்கு முன், பொறுத்திருக்கும் ஆண்டுகளில் அது எதையெல்லாம் இழக்கும் என்றும் யோசிக்க வேண்டும். 14 வயதில் ஒருமுறை செதுக்கி, திரும்ப வளரலாம் என்று பிள்ளைக்கும் தெளிவாகச் சொல்லி, 20 வயதுக்குப் பக்கத்தில் இன்னொரு முறை சரிசெய்வது ஒரு தோல்வி இல்லை. அது தெரிந்தே எடுத்த நல்ல முடிவு. பிள்ளைக்கு உறுத்தாமல், உறவினர்களுக்கு மட்டும் உறுத்தினால், "கல்யாணத்துக்கு முன்னாடி சரி பண்ணிடணும்" என்ற பேச்சுக்காக மட்டும் 12 வயதில் அறுவை செய்ய வேண்டாம். கேட்க வேண்டியது பிள்ளையிடம், அதுவும் தனியாக, பெற்றோர் வெளியே இருக்கும்போது.

அறுவை என்று முடிவானால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: இந்த நோய்க்கு முகத்தில் அறுவை செய்த அனுபவம் உங்களுக்கு எவ்வளவு? திரும்ப வளர்ந்தால் அடுத்த திட்டம் என்ன? கண் மருத்துவரும் ஹார்மோன் மருத்துவரும் இந்த முடிவில் இருக்கிறார்களா? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

அப்புறம், ஸ்கேன் எடுக்கும் இடத்தில் பிலிமோடு நிறுத்திக்கொள்ளாமல் முழுப் பதிவையும் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்கி வையுங்கள். அதில் எல்லா அடுக்குகளும் இருக்கும், பிலிமில் தேர்ந்தெடுத்த சில படங்கள்தான் இருக்கும். செதுக்கும் அறுவைக்குப் பிறகு வீக்கம் முழுதாக வற்றியதும் எடுக்கும் சி.டி.யைத் தனியாகக் குறித்து வையுங்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் "மறுபடி வளர்கிறதா?" என்று கேட்கும் ஒவ்வொரு மருத்துவரும், என்னைப் போல் படம் படிப்பவரும், முதலில் கேட்கப்போவது அந்தப் பதிவைத்தான்.